முதுகுச் சுமையின் கணக்கு

பிரான்ஸ் தேசத்தின் கீழ்க்கோடியில், மோன் பிளாங்க் சிகரத்தின் அடிவாரத்தில் இருக்கும் சாமொனி நகரத்திலிருந்து புறப்பட்டு, பனியாறுகளின் மேலும் உயர்ந்த கணவாய்களின் ஊடேயும் கிழக்கு நோக்கிச் சென்று, மாட்டர்ஹார்ன் சிகரத்தைத் தலைமேல் தாங்கி நிற்கும் சுவிட்ஸர்லாந்து ஊராகிய ஸெர்மாட்டை அடையும் நெடிய மலைமார்க்கம் ஒன்று உண்டு. 'ஓட் ரூட்' என்று மலைப் பிரியர்கள் எல்லோரும் அறிந்திருக்கும் இந்த வழியை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆங்கிலேய மலையேறிகள் கோடைக்காலத்தில் கால்நடையாக வகுத்தார்கள். பனி மூடிய பருவத்தில் ஸ்கீப் பலகைகளின் மீது அதை முழுமையாகக் கடந்தது 1911-ஆம் ஆண்டில்தான். இன்று வசந்தத்தின் தொடக்கத்தில், பகல் நீண்டும் பனி கெட்டிப்பட்டும் இருக்கும் வாரங்களில், ஏராளமான பேர் ஏறக்குறைய ஆறு நாட்களில் இந்தப் பிரயாணத்தைச் செய்து முடிக்கிறார்கள்.

இவர்களுடைய பிரயாணத்தில் ஸ்கீ மைதானங்களில் உள்ள கம்பிவட ஊர்திகளுக்கு அநேகமாக இடமில்லை. பலகையின் அடியில், ஒரு திசையில் வழுக்கி மறு திசையில் பிடித்துக்கொள்ளும் ரோமத் துணியை ஒட்டிக்கொண்டு, குதிகால் மட்டும் மேலெழும்படி காலணியைப் பூட்டிக்கொண்டு, சரிவின்மேல் ஒரு காலை ஒரு கால் முந்தச் சறுக்கிச் சறுக்கி மேலே ஏற வேண்டும். உச்சியை அடைந்தபின் துணியை உரித்து மடித்து வைத்துவிட்டு, குதிகாலையும் பூட்டிக்கொண்டு கீழே பாய வேண்டும். டிரோல் நாட்டு ஃபிரிட்ஸ் பார்தெல் என்ற பொறியாளர் 1980-களில் இரண்டு ஜோடி முளைகளாலான சின்னஞ்சிறு பூட்டைக் கண்டுபிடித்துக் காலின் சுமையைக் குறைத்தார். கால் இலேசானபின் பிரயாணியின் கவனம் இயற்கையாகவே முதுகின்மேல் திரும்புகிறது. இரவில் தங்குவதற்கு மலைக்குடில்கள் இருப்பதால் கூடாரமும் அடுப்பும் வேண்டியதில்லை. ஆயினும் உயிரைக் காப்பதற்கு அவசியமான மற்றவை அனைத்தையும் ஒரு பைக்குள் அடக்கித் தோளில் மாட்டிக்கொண்டே அவன் ஏறவும் இறங்கவும் வேண்டியிருக்கிறது.

அந்தப் பை எப்படிப்பட்டதாக இருக்க வேண்டும் என்று கேட்டால், இலேசாக இருக்க வேண்டும் என்று எவரும் உடனே சொல்லிவிடுவார். இலேசு என்பதைத் தராசின் முள் காட்டும் எண்ணாக மட்டும் எடுத்துக்கொண்டால் இந்த விடை பாதி உண்மையாகவே நின்றுவிடும். ஏற்றம் ஒரு நியாயத்தைக் கேட்கிறது. இறக்கம் வேறொரு நியாயத்தைக் கேட்கிறது. பனிச்சரிவு என்னும் அபாயமோ மூன்றாவது நியாயத்தைக் கேட்கிறது. மூன்றையும் தனித்தனியே விசாரித்தபின் தீர்ப்புச் சொல்வதே விஞ்ஞான முறையாகும்.

ஏற்றத்தின் நியாயம்

ஒரு கிலோகிராம் எடையுள்ள பொருளை 1,000 மீட்டர் உயரத்துக்குத் தூக்குவதற்குப் பௌதிக சாஸ்திரம் கேட்கும் வேலை ஏறக்குறைய 9,800 ஜூல். மனிதத் தசை தனக்குக் கிடைக்கும் சக்தியில் சுமார் கால் பங்கையே வேலையாக மாற்றவல்லது. எஞ்சிய முக்கால் பங்கும் உஷ்ணமாகப் போய்விடுகிறது. ஆகவே அந்த ஒரு கிலோவுக்காகச் சரீரம் செலவிடுவது நாற்பதாயிரம் ஜூலுக்குச் சற்றே குறைவு. ஆகாரக் கணக்கில் சொன்னால் ஒன்பது அல்லது பத்துக் கிலோகலோரி. ஒரு தேக்கரண்டிச் சர்க்கரையில் ஏறக்குறைய 16 கிலோகலோரி இருக்கிறது என்பதை நினைத்துப் பார்த்தால், ஆயிரம் மீட்டர் உயரத்துக்கு ஒரு கிலோவைச் சுமந்து சேர்க்கும் கூலி அரைக் கரண்டிச் சர்க்கரையைச் சற்றே தாண்டும் என்று தெரியவரும்.

காலக் கணக்கும் இதற்கு ஒத்தே வருகிறது. பிரயாணியின் உடல் 75 கிலோ. உடையும் காலணியும் பலகையும் சேர்ந்து 7 கிலோ. முதுகுப்பை 8 கிலோ. ஆக மொத்தம் 90 கிலோ என்று வைத்துக்கொள்வோம். சாதாரணப் பழக்கமுள்ளவன் மணிக்கு 400 மீட்டர் உயரம் ஏறுவான். ஆயிரம் மீட்டர் ஏற அவனுக்கு 150 நிமிஷம் ஆகும். மூச்சின் வலிமை மாறாதிருக்க, சுமையில் ஒரு கிலோ குறைந்தால் மொத்தத்தில் தொண்ணூற்றில் ஒரு பங்கு குறைகிறது. காலத்திலும் அதே பங்கு குறையும் என்று கொண்டால் மிஞ்சுவது ஒன்றரை நிமிஷத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவே.

இந்த ஒன்றரை நிமிஷம் யாருக்கு முக்கியம் என்று கேட்டால், பந்தயக்காரனுக்கு முக்கியம். ஸெர்மாட்டிலிருந்து வெர்பியே வரையில் பனியாறுகளின் மீது நடைபெறும் 'பத்ரூய் தெ கிளாஸியே' என்ற மகத்தான போட்டியைச் சுவிஸ் ராணுவம் 1943-இல் தொடங்கியது; 2026-ஆம் ஆண்டு மிலானோ - கோர்ட்டினா ஒலிம்பிக்கில் ஸ்கீப் பலகையில் மலையேறி இறங்கும் இந்த விளையாட்டுக்கே ஓர் இடம் கிடைத்தது. இத்தகைய போட்டிகளுக்கென்று தைக்கப்படும் பைகளின் எடை இருநூறு முந்நூறு கிராம்தான். அவற்றில் முதுகுச் சட்டம் கிடையாது. இடுப்புப் பட்டை என்று சொல்லத்தக்கது கிடையாது. உள்ளே போவதும் இரண்டு மூன்று கிலோவைத் தாண்டாது. ஓடுகிறவனுக்காக ஏற்பட்ட அந்தச் சாதனத்தை, எட்டுக் கிலோவுடன் ஆறு நாள் செல்லும் பிரயாணி எடையின் அழகில் மயங்கி வாங்கிவிட்டால், சேமித்த ஒன்றரை நிமிஷத்துக்குப் பதிலாக ஒவ்வொரு நாளும் தோள்வலியை வட்டியாகக் கட்டிக்கொண்டிருப்பான்.

எடை எவ்வளவு என்பதைக் காட்டிலும் அது சரீரத்தில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதே பல சமயங்களில் பெரிய விஷயமாகிவிடுகிறது. 1969-ஆம் ஆண்டில் சோல், கோல்ட்மன் என்ற இரண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள், தலையிலும் கையிலும் பாதத்திலும் சுமையை ஏற்றி மனிதர்களை நடக்கவைத்து, அவர்கள் உட்கொண்ட பிராணவாயுவை அளந்தார்கள். உடலின் எடையில் ஒரு கிலோவை நடத்திச் செல்ல ஆகும் செலவை ஒன்று என்று கொண்டால், தலைமேல் ஏற்றிய கிலோவுக்கு அது 1.2 மடங்கும், கையில் ஏந்தியதற்கு 1.9 மடங்கும் ஆயிற்று. பாதத்தில் கட்டியதற்கோ நடையின் வேகத்தைப் பொறுத்து நான்கிலிருந்து ஆறு மடங்குக்கு மேலும் ஆயிற்று. ஸ்கீப் பலகை தூக்கப்படாமல் பெரும்பாலும் சறுக்கியே செல்வதால் இந்தப் பெருக்கம் பனியில் அதே அளவுக்குப் பொருந்தாது. ஆயினும் பை வாங்கப் பணம் சேர்ப்பவன் முதலில் காலணியை இலேசாக்குவது புத்திசாலித்தனம் என்பதை அது எடுத்துக்காட்டுகிறது.

சுமப்பவனின் பழக்கமும் இதில் சேரும். கென்யாவின் லுவோ, கிகுயு இனப் பெண்கள் தங்கள் உடலெடையில் ஐந்தில் ஒரு பங்கு வரையில் சுமந்து நடக்கும்போது பிராணவாயுச் செலவு கொஞ்சமும் உயரவில்லை என்று 1986-இல் வெளியான ஆராய்ச்சி ஒன்று தெரிவித்தது. நேபாளத்தில் நாம்சே சந்தைக்குச் செல்லும் சுமைகாரர்களை 2005-இல் ஆராய்ந்தவர்கள், நெற்றிப்பட்டையில் தொங்கும் கூடையில் ஆண்கள் சராசரியாகத் தங்கள் உடலெடையில் 93 சதவீதத்தைச் சுமப்பதைக் கண்டார்கள். அந்தப் பாக்கியம் பட்டணத்திலிருந்து விடுமுறைக்கு வருகிறவனுக்கு இல்லை. பழக்கம் தராததை அவன் பையின் அமைப்பிலிருந்துதான் பெற வேண்டும்.

இறக்கத்தின் நியாயம்

உச்சியில் நின்று துணியை உரித்துக் குதிகாலைப் பூட்டியவுடன் பௌதிகத்தின் கேள்வி மாறிவிடுகிறது. இப்போது சுமையை உயர்த்த வேண்டியதில்லை, திருப்ப வேண்டியிருக்கிறது. சறுக்குகிறவன் வலமும் இடமுமாகத் திரும்பும்போதெல்லாம் அவனோடு பையும் திரும்ப வேண்டும். திரும்பத் தொடங்கியதை நிறுத்தும்போது அதுவும் நிற்க வேண்டும். சுழலும் பொருளின் சடத்துவம் எடையோடு நேராகவும், அச்சிலிருந்து உள்ள தூரத்தின் வர்க்கத்தோடும் பெருகுகிறது என்பது நியதி. ஆகவே முதுகெலும்பிலிருந்து 15 சென்டிமீட்டரில் இருக்கும் எட்டுக் கிலோ, 30 சென்டிமீட்டருக்குத் தள்ளிப் போனால், எடை ஒரு கிராமும் கூடாமலே திரும்புவதற்கு நான்கு மடங்கு அடம் பிடிக்கும். சுமையை இரண்டு கிலோவாகக் குறைத்து அதே தூரத்தில் தொங்கவிட்டால்தான் இந்த நஷ்டம் சரிக்கட்டப்படும். இரண்டில் எது சுலபம் என்று வாசகர்களே தீர்மானித்துக்கொள்ளலாம்.

பின்னோக்கி இழுக்கும் தொல்லை இதைவிடப் பொல்லாதது. ஸ்கீப் பலகையை ஆள்வதற்கு உடலின் பாரம் காலணியின் முன்பக்கத்தில் விழ வேண்டும். பின்னே சாய்ந்தவுடன் பலகையின் முனை மிதந்து, திரும்பும் சக்தியை இழந்துவிடுகிறது. நம் ஊர்ப் பாரவண்டிக்காரர், பின்பாரம் அதிகமானால் நுகத்தடி மேலெழும்பி மாட்டின் கழுத்துக் கயிற்றை இறுக்கும் என்றும், முன்பாரம் மிஞ்சினால் மாடு மண்டியிட்டுவிடும் என்றும் அறிந்து, மூட்டைகளை முன்னும் பின்னும் நகர்த்தி வைத்துப் பார்த்த பிறகே வண்டியைக் கிளப்புவார். பை அடுக்குகிறவனுக்கும் அந்தக் கண் வேண்டும். கயிறு, காலணியில் மாட்டும் இரும்பு முட்கள், தண்ணீர்க் குடுவை முதலிய கனத்த பொருள்கள் முதுகை ஒட்டியும், இடுப்புக்கும் தோளுக்கும் நடுவிலும் இருக்க வேண்டும். பஞ்சுபோன்ற இறகுச் சட்டை வெளிப்புறத்தில் இருக்கலாம். இதற்கு இணங்குவது, ஆழம் குறைந்தும் முதுகின் அகலத்தை மீறாமலும் நீண்டும் இருக்கும் பை. உருண்டு திரண்ட பை கடையில் எவ்வளவு இலேசாகத் தோன்றினாலும் சரிவில் பாரமாகிவிடும்.

பை பாதி காலியாக இருக்கும்போது உள்ளே பொருள்கள் குலுங்காதபடி பக்கவாட்டில் இழுத்துக் கட்டும் வார்கள் இந்தக் காரணத்தால்தான் தேவைப்படுகின்றன. பத்துக் கிராம் பெறாத வாரைக் கத்தரித்தெறிந்து பெருமை கொள்வோர் உண்டு. அந்த வார் இல்லாத பையில் அன்றைய உணவெல்லாம் தீர்ந்து, மிஞ்சியவை பையின் அடியில் அங்குமிங்கும் புரளும்போது, ஒவ்வொரு திருப்பத்துக்கும் அரை விநாடி தாமதித்து ஓர் உதை வந்து இடுப்பில் விழும்.

சட்டத்தின் சரித்திரம்

1991-ஆம் ஆண்டில் ஆஸ்திரிய - இத்தாலிய எல்லையில், 3,200 மீட்டருக்கு மேற்பட்ட ஒரு கணவாயில், பனியிலிருந்து வெளிப்பட்ட மனிதனின் சடலம் ஏறக்குறைய 5,300 ஆண்டுகள் பழமையானது. ஓட்ஸி என்று பெயரிடப்பட்ட அவனருகே, ஹேசல் மரக் கொம்பை வளைத்துச் செய்த இரண்டு மீட்டர் நீளமுள்ள வில்லும், அதற்குக் குறுக்கே வைக்கத்தக்க இரண்டு லார்ச் மரப் பலகைகளும் கிடந்தன. அது முதுகுச் சுமைக்கான சட்டம் என்பதே பெரும்பாலான ஆராய்ச்சியாளர்களின் கருத்து. அவ்வாறாயின், மெல்லிய கொம்பினால் பாரத்தை விறைப்பாக நிறுத்தி முதுகின்மேல் பரப்பும் யுக்தி உலோகத்தைக் காட்டிலும் பெரிதும் இளையதன்று.

நவீன காலத்தில் நார்வே தேசத்து ஓலே பெர்கன் 1909-இல் முதுகின் வளைவைத் தழுவும் சட்டத்துக்கு உரிமை பெற்றார். அமெரிக்காவில் டிக் கெல்டி 1950-களில் அலுமினியச் சட்டத்தையும் இடுப்புப் பட்டையையும் இணைத்துச் சுமையைத் தோளிலிருந்து இடுப்பெலும்புக்கு இறக்கினார். 1967-இல் கிரெக் லோ அந்தச் சட்டத்தைப் பைக்குள்ளேயே மறைத்து, சுமை உடலோடு ஒட்டி நிற்கும்படி செய்தார். ஸ்கீப் பிரயாணிக்கு உகந்தது இந்தக் கடைசி வகைதான். வெளியே துருத்தும் சட்டம் நடப்பவனுக்கு நண்பனாக இருக்கலாம், விழுந்து எழுகிறவனுக்குப் பகைவன்.

உட்சட்டத்திலும் இலேசுக்கான வழி உண்டு. தட்டையான பட்டையின் விறைப்பு அதன் கனத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. கனம் இரட்டித்தால் எடை இரட்டிக்கிறது, விறைப்போ எட்டு மடங்காகிறது. ஆகையால் மெல்லிய பலகை ஒன்றை முதுகு முழுவதும் பரப்புவதைவிட, குறுகிய அலுமினியப் பட்டை ஒன்றோ இரண்டோ சற்றுக் கனமாக நிற்பதே சிக்கனம். ஆறு கிலோ வரையில் சுமப்பவனுக்கு நுரைத்தகடு ஒன்றே போதும். எட்டுக் கிலோவைத் தாண்டினாலோ, பலகைகளையும் பைமேல் கட்ட நேர்ந்தாலோ, சட்டமில்லாத பை மூட்டையாகச் சரிந்து, இடுப்புப் பட்டை இருந்தும் பயனற்றுப் போகிறது.

முதுகைத் தொடும் பரப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெயில் காலத்துப் பைகளில் காற்றோட்டத்துக்காக வலைத்துணியை இழுத்துக் கட்டியிருப்பார்கள். அதைப் பனியில் ஒருமுறை கீழே வைத்து எடுத்தால், கண்ணிதோறும் பனித்துகள் புகுந்து நிரம்பிவிடும். மாட்டிக்கொண்டு பத்து நிமிஷம் ஏறுவதற்குள் உடற்சூட்டில் உருகிச் சட்டையை நனைத்து, நின்றவுடன் உறைந்துபோகும். ஸ்கீப் பைகளின் முதுகுப்பக்கம் வழவழப்பான, துளையற்ற நுரைமேல் நெருக்கமான துணி போர்த்ததாக இருப்பது இதனால்தான்: கையால் ஒரு தட்டுத் தட்டினால் பனி உதிர்ந்துவிடும்.

துணியும் தையலும்

பழைய நாட்களில் பைகள் பருத்திக் கித்தானிலும் தோலிலும் தைக்கப்பட்டன. பருத்தி நீரைக் குடிக்கும். குடித்த நீர் உறையும். உறைந்த கித்தான் தகரம்போல விறைக்கும். 1935-இல் வாலஸ் கரோதர்ஸ் நைலானைத் தோற்றுவித்த பின்னர் இந்தத் துன்பம் பெரும்பாலும் ஒழிந்தது. நைலான் இழையின் பருமனை டெனியர் என்ற அளவால் குறிப்பார்கள்: 9,000 மீட்டர் நீளமுள்ள இழை எத்தனை கிராம் நிறுக்குமோ அத்தனை டெனியர். முதுகுப்பைகளில் 100 முதல் 500 டெனியர் வரையுள்ள துணிகள் வழக்கத்தில் இருக்கின்றன.

மெல்லிய துணியைத் தேர்ந்தால் எவ்வளவு மிச்சமாகும்? முப்பது லிட்டர் கொள்ளும் பையை அரை மீட்டர் உயரமுள்ள உருளை என்று கொண்டால் அதன் மேற்பரப்பு ஏறக்குறைய அரைச் சதுர மீட்டர்தான். பைக்குள் பை, மடிப்பு, மூடி எல்லாம் சேர்ந்தாலும் ஒரு சதுர மீட்டரை ஒட்டி நிற்கும். மெல்லிய துணி சதுர மீட்டருக்கு நூறு கிராம் என்றும் தடித்த துணி இருநூற்றைம்பது கிராம் என்றும் கொண்டால், வித்தியாசம் நூற்றைம்பது கிராமைத் தாண்டவில்லை. பையின் எடையில் பெரும்பகுதி நுரையிலும் சட்டத்திலும் ஜிப்பிலும் பக்கிளிலும் வார்களிலும் ஒளிந்திருக்கிறது என்பதை இதனால் அறியலாம்.

எஃகைவிட இலேசாகவும் வலுவாகவும் உள்ள ஒருவகைப் பாலிஎத்திலீன் இழையை நெதர்லாந்து விஞ்ஞானிகள் 1970-களின் இறுதியில் கூழிலிருந்து இழுத்து நூற்கும் முறையால் உண்டாக்கினார்கள். டைனீமா என்று விற்கப்படும் இந்த இழை நீரில் மிதக்கும், ஈரத்தை உறிஞ்சாது. இதை மெல்லிய தாள்களுக்கிடையே பரப்பி ஒட்டிய துணி முதலில் பாய்மரப் படகுகளுக்காகவே பிறந்தது; 1992-இல் அமெரிக்கக் கோப்பைப் படகுப் பந்தயத்தில் வென்ற படகின் பாய்களால் புகழடைந்து, பிறகு மலைக்கு ஏறிற்று. இழுவிசைக்கு அது மகா வீரன். உராய்வுக்கும் உஷ்ணத்துக்கும் அவ்வளவு வீரன் அல்லன். ஸ்கீப் பலகையின் ஓரத்தில் எஃகு விளிம்பு ஓடுகிறது; சாணை பிடித்த அந்த விளிம்பு பையின் விலாவில் நாள் முழுவதும் உரசினால், நெய்த நைலான் தேய்ந்து மங்குமிடத்தில் தாள்போன்ற அந்தத் துணி அறுபட்டுவிடக்கூடும். ஆகவே துணி எதுவானாலும், பலகை தொடும் இடங்களில் மட்டும் தடித்த ஒட்டு இருக்கிறதா என்று பார்ப்பதே விவேகம்.

பை அறுந்துபோவது துணியின் நடுவில் அரிது. தோள்வார் பையோடு சேரும் இடத்தில்தான் அது தோற்கும். அந்த இடத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வார் வெறுமனே துணியின்மேல் வைத்துத் தைக்கப்பட்டிருந்தால், சுமை முழுவதும் ஊசித் துளைகளின் வரிசையில் விழும்; துளையிட்ட தபால்தலைத் தாள் கிழிவதுபோல அதுவும் ஒருநாள் கிழியும். நல்ல பையில் வாரின் நுனி இரண்டு துணிகளின் மடிப்புக்குள் புதைந்து, பின்புறத்தில் ஒரு தடித்த நாடா தாங்கி நிற்க, தையற்காரர்கள் பார்டேக் என்று சொல்லும் நெருக்கமான குறுந்தையல், முன்னும் பின்னுமாக ஓடி, நெல்மணி அளவுக்குத் திரண்டு நிற்கும். விரலால் வாரை மேல்நோக்கி இழுக்கும்போது அந்த நெல்மணிகளின் அருகில் துளைகள் வாய் திறந்தால், அந்தப் பையைக் கடையிலேயே விட்டுவிடலாம்.

பனிச்சரிவின் நியாயம்

மேற்சொன்ன இரண்டு நியாயங்களும் சௌகரியத்தைச் சார்ந்தவை. மூன்றாவது உயிரைச் சார்ந்தது. சுவிட்ஸர்லாந்தில் பனிச்சரிவில் புதையுண்டவர்களைப் பற்றிய விவரங்களைத் திரட்டி 1994-இல் 'நேச்சர்' சஞ்சிகையில் வெளியிட்ட ஆராய்ச்சியாளர்கள், 15 நிமிஷத்துக்குள் தோண்டி எடுக்கப்பட்டால் பிழைக்கும் வாய்ப்பு 92 சதவீதம் என்றும், 35-ஆவது நிமிஷத்தில் அது 30 சதவீதமாகச் சரிந்துவிடுகிறது என்றும் கண்டார்கள். வெளியிலிருந்து உதவி வருவதற்குள் அந்தக் கால் மணி கடந்துவிடும். காப்பாற்ற வேண்டியவர்கள் கூட வந்த தோழர்களே.

இதற்கான கருவிகள் மூன்று. ஒன்று, புதைந்தவரின் இடத்தைக் காட்ட 457 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் சமிக்ஞை பரப்பும் ட்ரான்ஸீவர். அது பையில் அல்லாமல் உடலோடு கட்டப்பட வேண்டும். மற்றவை மடக்குத் துழாவுகோலும் பனிவாரியும். இவை இரண்டும் பையில் தனி அறையில், வெளிப்புறம் திறக்கும்படி இருக்க வேண்டும். இலேசான பைகள் பலவற்றில் எடையைக் குறைப்பதற்காக முதலில் பலியிடப்படுவது இந்தத் தனி அறைதான். ஒரே வாயுள்ள சாக்குப்போன்ற பையில், உணவுப் பொட்டலத்தையும் சட்டையையும் கயிற்றையும் பனியில் வாரிக் கொட்டிய பிறகே பனிவாரி கைக்கு வரும். நடுங்கும் கைகளுக்கு அதில் ஒரு நிமிஷம் போவது வெகு சுலபம். ஒரு கிலோவைக் குறைத்து ஆயிரம் மீட்டர் ஏற்றத்தில் சேமித்த காலம் எவ்வளவோ, அதில் பாதிக்கு மேல் இங்கே, மிகவும் விலைமதிப்பான தருணத்தில், செலவாகிவிடுகிறது. நெஞ்சுவாரில் காந்தப் பக்கிள் வைத்த பைகளையும் இந்தப் பிரயாணத்துக்குத் தவிர்ப்பது நல்லது; அருகிலுள்ள காந்தமும் மின்கருவியும் ட்ரான்ஸீவரின் வேலையைக் கெடுக்கவல்லவை.

காற்றுப்பை பொதிந்த முதுகுப்பையின் விஷயம் இன்னும் நுட்பமானது. குலுங்கும் சிறுமணிகளின் நடுவே பெரிய பொருள் மேலே வருவது இயற்கை. பனிச்சரிவும் ஓடும் மணிகளின் திரளே. இந்த நியதியைப் பயன்படுத்தி, கைப்பிடியை இழுத்தவுடன் 150 லிட்டர் அளவில் ஊதிப் பெருகும் பையை ஜெர்மனியைச் சேர்ந்த பீட்டர் அஷாவர் 1980-களில் விற்பனைக்குக் கொண்டுவந்தார். 2014-இல் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வின்படி, கடுமையாகச் சிக்கியவர்களில் காற்றுப்பை விரியாதவர்களின் மரணம் 22 சதவீதமாகவும், விரிந்தவர்களுடையது 11 சதவீதமாகவும் இருந்தது. ஐந்தில் ஒரு தடவை பை விரியவே இல்லை. அவற்றில் பாதிக்கு மேற்பட்டவற்றுக்குக் காரணம், அணிந்திருந்தவர் கைப்பிடியை இழுக்காததே. இதன் எடை இரண்டு முதல் மூன்று கிலோ. சாதாரண இலேசான பையைக் காட்டிலும் ஒன்றரைக் கிலோவோ இரண்டு கிலோவோ அதிகம். மேலே போட்ட கணக்கை மறுபடி எடுத்துக்கொண்டால், ஆயிரம் மீட்டருக்கு இரண்டரை நிமிஷத்திலிருந்து மூன்றரை நிமிஷம் வரையில் இதற்கு விலை. புதுப்பனி விழும் நடுக்குளிர்காலத்தில் செங்குத்தான சரிவுகளை நாடுகிறவன் அந்த விலையைக் கொடுப்பது நியாயம். வசந்தத்தில் இறுகிய பனியில் விடியற்காலையில் புறப்பட்டு நடுப்பகலுக்குள் குடிலை அடைந்துவிடும் ஓட் ரூட் பிரயாணி, கயிறும் இரும்பு முட்களும் அந்தப் பையில் அடங்குமா என்பதையும் எண்ணிப் பார்த்து, வேறு முடிவுக்கு வரக்கூடும். மெல்லிய துணிக்காகப் பத்துக் கிராமைக் குறித்து வாதிடுகிறவர்கள் இந்த இரண்டு கிலோவைப் பற்றி யோசிக்காமல் இருப்பதுதான் விசித்திரம்.

தேர்வு

ஆகவே பையைத் தேர்ந்தெடுக்கும் முறை, பையிலிருந்து தொடங்கக் கூடாது. தரையில் ஒரு விரிப்பைப் போட்டு, கொண்டுபோக வேண்டியவற்றை முதலில் பரப்ப வேண்டும்: பனிவாரி, துழாவுகோல், இறகுச் சட்டை, காற்றுத் தடுக்கும் மேலங்கி, மாற்றுக் கையுறை, காலணிக்கான இரும்பு முட்கள், பனிக்கோடரி, இடுப்பு ஹார்னஸ், பனிப்பிளவில் விழுந்தவரை மீட்கும் முப்பது மீட்டர் மெல்லிய கயிறு, முதலுதவியும் பழுதுபார்க்கும் சாமான்களும், குடிலில் உறங்குவதற்கான பட்டுறை, ஒரு நாள் ஆகாரம், ஒரு லிட்டர் நீர். இவை ஏழு கிலோவைச் சுற்றி நிற்கும். 900 கிராம் பையையும் சேர்த்தால் எட்டுக் கிலோ. பை இந்தச் சுமையில் ஒன்பதில் ஒரு பங்குதான். அதில் மூன்றில் ஒரு பங்கைக் குறைப்பதற்குப் பெரும் பொருள் செலவிடுகிறவன், குடித்த பிறகும் நிரம்பியே இருக்கும் இரண்டாவது தண்ணீர்க் குடுவையை வீட்டில் வைத்துவிட்டு வந்தால் அதைவிடப் பன்மடங்கு லாபம் அடைவான்.

பரப்பியவற்றின் கனபரிமாணமே பையின் அளவை நிர்ணயிக்க வேண்டும். ஒரு நாள் பிரயாணத்துக்கு இருபதிலிருந்து முப்பது லிட்டர். குடிலுக்குக் குடில் செல்வதற்கு முப்பதிலிருந்து நாற்பது. பெரிய பையை வாங்கி வைத்துக்கொண்டால் எல்லாவற்றுக்கும் உதவுமே என்று தோன்றும். கொள்ளளவு இரட்டித்தால் மேற்பரப்பு ஒன்றரை மடங்கைச் சற்றே தாண்டுகிறது. அதாவது பெரிய பை தன் சொந்த எடையில் அதிகம் ஏறுவதில்லை. கேடு வேறிடத்தில் வருகிறது. இடம் இருந்தால் மனம் அதை நிரப்பப் பார்க்கும்; 'இருந்தாலும் இருக்கட்டும்' என்று சொல்லிக்கொண்டு கடைசி நேரத்தில் உள்ளே திணிக்கப்படும் பொருள்கள்தான் இருநூறு கிராம் வித்தியாசத்தை இரண்டு கிலோவாக்குகின்றன. அளவான பை இந்த விஷயத்தில் எஜமானனைக் காட்டிலும் கண்டிப்பான காரியஸ்தன்.

அடுத்தபடி, பலகைகளைப் பைமேல் கட்டிப் பார்க்க வேண்டும். ஓட் ரூட்டின் கடைசி நாளில் விஞெத் குடிலிலிருந்து ஸெர்மாட்டுக்குச் செல்லும் வழியில் மூன்று கணவாய்கள் குறுக்கிடுகின்றன. அவற்றில் நடுவிலுள்ள மோன் புரூலே கணவாயின் கடைசிச் சரிவு செங்குத்தாகையால், பெரும்பாலோர் பலகைகளைக் கழற்றி முதுகில் கட்டிக்கொண்டு காலால் படி மிதித்து ஏறுகிறார்கள். அந்த வேளையில் மூன்று கிலோவுக்கு மேற்பட்ட பலகைகளும் பூட்டுகளும் பைக்கு மாறுகின்றன. இரண்டு விலாவிலும் ஒவ்வொன்றாகக் கட்டி முனைகளை மேலே சேர்ப்பது ஒரு முறை. சமநிலைக்கு அது நல்லது, கட்டவும் அவிழ்க்கவும் நேரம் ஆகும். இரண்டையும் சேர்த்துக் குறுக்காகக் கட்டுவது இன்னொரு முறை. விரைவில் முடியும், பலகையின் பின்முனை காலில் இடிக்காதபடி மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். எதுவானாலும் கையுறையைக் கழற்றாமலே செய்ய முடிகிறதா என்பதுதான் பரீட்சை. பூஜ்யத்துக்குக் கீழே பதினைந்து டிகிரியில், காற்று வீசும் கணவாயில், மூன்று மில்லிமீட்டர் நூலும் பொத்தானளவு பக்கிளும் வடிவமைத்தவனின் சாமர்த்தியத்தை மட்டுமே பறைசாற்றும்.

கடைக்குப் போகும்போது இந்தச் சாமான்களையும் கூடவே கொண்டுபோவதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை. பையை நிரப்பி, இடுப்புப் பட்டை இடுப்பெலும்பின் விளிம்பில் அமர்கிறதா, தோள்வார் தோளைத் தழுவி வளைகிறதா என்று பார்க்க வேண்டும். முதுகின் நீளத்துக்குப் பை பொருந்தாவிட்டால் வார்களை எத்தனை இழுத்தாலும் பயனில்லை. பிறகு குனிந்து, கையை உயர்த்தி, இடமும் வலமும் இடுப்பைத் திருப்பி, இரண்டு முறை குதித்துப் பார்க்க வேண்டும். உடல் நின்ற பிறகும் பை அசைந்தால் அது இறக்கத்துக்கு உதவாது. கடைசியாக, கண்ணை மூடிக்கொண்டு, கையுறை அணிந்த கையால் வெளியறையைத் திறந்து பனிவாரியை எடுக்க வேண்டும். இத்தனை பரீட்சைகளிலும் தேறிய பைகள் இரண்டு எஞ்சி நின்றால், அப்போது தராசைக் கொண்டுவரச் சொல்லி, இலேசானதை எடுத்துக்கொண்டு பணத்தைக் கொடுத்துவிடலாம்.